செங்ககுஜியில் நாம் ஊதுபத்தி ஏற்றலாமா?

டோக்கியோவில் அரை நாள் கையில் இருக்கிறது, 47 சாமுராய்களின் கல்லறைகள் உள்ள செங்ககுஜி கோயிலுக்குப் போவது தகுமா, அந்தக் கதையில் எவ்வளவு உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசியில் தயக்கத்தோடு இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள்: "கூட்டமாகப் போய் ஒரு முதியவரின் தலையை வெட்டியவர்களுக்கு ஒரு புத்தர் கோயிலில் எப்படி ஊதுபத்தி ஏற்றுகிறார்கள்? நானும் ஏற்றலாமா என்று மனம் ஒப்பவில்லை." நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். வழி கேட்பவர்களுக்கு வரைபடமே போதும். இந்தக் கேள்விக்குத்தான் ஆள் வேண்டும்.

நான் டோக்கியோவில் பல ஆண்டுகளாக மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிறவர்களைச் செங்ககுஜிக்குப் பலமுறை அழைத்துப் போயிருக்கிறேன். வரலாற்று ஆய்வாளன் அல்லன். எடோ காலத்து (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) கையெழுத்து ஆவணங்களை நேரடியாக வாசிக்கும் பயிற்சி எனக்கு இல்லை. அச்சில் வந்த பதிப்புகளையும் ஆய்வாளர்களின் விளக்கங்களையும் படித்தவன் என்ற அளவில்தான் எழுதுகிறேன்.

முதலில் ஐயமில்லாமல் சொல்லக்கூடியவை. 1701 ஏப்ரல் 21. எடோ (இன்றைய டோக்கியோ) கோட்டையில், கியோத்தோவிலிருந்து வந்த பேரரசரின் தூதர்களுக்கு வரவேற்பு நடந்துகொண்டிருந்தது. தூதர்களை உபசரிக்கும் பொறுப்பு அகோ பகுதியின் தலைவரான அசானோ நகனோரியிடம் இருந்தது. சடங்கு முறைகளைச் சொல்லிக்கொடுக்கும் மூத்த அதிகாரி கிரா யோஷினகா. பைன் மரங்கள் வரைந்த கதவுகள் கொண்ட ஒரு நீண்ட தாழ்வாரத்தில் அசானோ சிறுவாளை உருவிக் கிராவை வெட்டினார். கிராவுக்கு நெற்றியிலும் முதுகிலும் காயம், உயிர் தப்பினார். கோட்டைக்குள் வாளை உருவுவதே மரண தண்டனைக்குரிய குற்றம். அன்று மாலையே அசானோவைச் செப்புக்கு செய்துகொள்ளும்படி, அதாவது தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொண்டு சாகும்படி, அன்று நாட்டை ஆண்ட படைத்தலைவர், ஷோகுன் த்சுனயோஷி உத்தரவிட்டார். அதையும் வீட்டுக்குள் அல்லாமல் தோட்டத்தில் வைத்து நிறைவேற்றினார்கள். ஒரு நிலத் தலைவருக்கு அது அவமானம். அவருடைய குடும்பத்தின் நிலமும் கோட்டையும் பறிக்கப்பட்டன. கிராவுக்கோ எந்தத் தண்டனையும் இல்லை. சண்டை என்று வந்தால் இரு தரப்பையும் தண்டிப்பதே சாமுராய்களிடையே நெடுங்கால வழக்கம். அசானோவின் ஆட்களுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது இதுதான்.

அசானோவின் தலைமைக் காரியக்காரர் ஓயிஷி குரனோசுகே உடனே வாளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடவில்லை. கோட்டையை அமைதியாக ஒப்படைத்தார். அசானோவின் தம்பி மூலம் குடும்பத்தை மீட்க முடியுமா என்று ஓராண்டுக்கு மேல் மனுப் போட்டுக்கொண்டிருந்தார். 1702 கோடையில் அந்த வழி முற்றிலும் அடைபட்ட பிறகுதான் பழிவாங்கலுக்கு நாள் குறித்தார்கள். தொடக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் உடன் இருந்தார்கள், கடைசியில் நின்றவர்கள் 47 பேர். பழைய நாள்காட்டியில் 12-ஆம் மாதம் 14-ஆம் நாள் இரவு, விடிவதற்கு முன் (நம் கணக்கில் 1703 ஜனவரி இறுதி), கிராவின் மாளிகைக்குள் நுழைந்தார்கள். கிராவையும் அவருடைய ஆட்கள் பதினைந்துக்கும் மேற்பட்டவர்களையும் கொன்றார்கள். தலையை எடுத்துக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, செங்ககுஜியில் தங்கள் தலைவரின் கல்லறை முன் வைத்தார்கள். வழியிலேயே இருவரை அனுப்பி அரசு அதிகாரியிடம் செய்தியைச் சொல்லிவிட்டார்கள். சரணடைந்த 46 பேரை (47-ஆமவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்) நான்கு பெருந்தலைவர்களின் மாளிகைகளில் பிரித்து வைத்தார்கள். 1703 மார்ச் 20 அன்று அனைவருக்கும் செப்புக்கு. அவர்களில் மூத்தவர் ஹோரிபே யஹெய்க்கு 77 வயது. இளையவர் ஓயிஷியின் மகன் சிகரா, ஜப்பானிய பழைய கணக்கில் 16, நம் கணக்கில் இன்னும் குறைவு.

ஐயத்துக்குரியவற்றில் முதலாவது, எல்லாவற்றுக்கும் அடிப்படையானது: அசானோ ஏன் வெட்டினார்? கிரா லஞ்சம் எதிர்பார்த்தார், கிடைக்காததால் அவமானப்படுத்தினார் என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. அசானோவைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தடுத்த கஜிகவா என்ற அதிகாரி ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். அண்மைக்கால மனக்கசப்பை நினைவிருக்கிறதா என்று கத்திக்கொண்டு அசானோ பாய்ந்ததாக அதில் இருக்கிறது. என்ன மனக்கசப்பு என்று அசானோவும் சொல்லவில்லை, விசாரித்தவர்களும் பதிவு செய்யவில்லை. அகோவின் உப்புத் தொழில் போட்டி, அசானோவின் முன்கோபம், உடல்நலக் குறைவு என்று பின்னால் சொல்லப்பட்டவை எல்லாம் ஊகம். ஆக, 46 பேர் உயிரைக் கொடுத்துத் தீர்த்த பழியின் மூல காரணம் இன்றுவரை யாருக்கும் தெரியாது. செங்ககுஜிக்குப் போகும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லறைகளைப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

மற்றவை நாடக மேடை சேர்த்தவை. 1748-இல் ஒசாகாவில் பொம்மலாட்டமாக அரங்கேறிய 'கனதெஹோன் சூஷிங்குரா' விரைவிலேயே கபுகி என்ற நடிகர்களின் நாடக மேடைக்கும் போய், இந்த நிகழ்வை நாடு முழுதும் கொண்டுசேர்த்தது. அரசின் தடைக்கு அஞ்சிக் காலத்தையும் பெயர்களையும் மாற்றித்தான் எழுதினார்கள். கொட்டும் பனி, போர் முரசு, கறுப்பு வெள்ளைப் பல்வரிசைக் கரை போட்ட ஒரே மாதிரிச் சீருடை எல்லாம் மேடைக்கு உரியவை. அன்று இரவு வானம் தெளிவாக இருந்தது, முன்பே பெய்த பனிதான் தரையில் கிடந்தது என்பதே ஆவணங்கள் காட்டும் படம். தீயணைப்புக்குப் போகிறவர்கள் போன்ற உடையில், அவரவர் கைக்குக் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு போனார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தக் கோயில் அவர்களுக்காகக் கட்டப்பட்டதன்று. 1612-இல் எடோ ஷோகுன் வம்சத்தின் முதல்வரான தொகுகவா இயேயாசு இதை நிறுவினார், இமாகவா யோஷிமோதோ என்ற தலைவரின் ஆன்மா சாந்திக்காக. சிறுவனாக இருந்தபோது இயேயாசு இமாகவா குடும்பத்திடம் பணயமாக வளர்ந்தவர். அந்த நினைவில் எழுந்த கோயில் இது. 1641 பெருந்தீயில் எரிந்துபோனதும் ஐந்து பெருந்தலைவர் குடும்பங்கள் சேர்ந்து இப்போதுள்ள தகனவா மேட்டில் மறுபடி கட்டின. அந்த ஐந்தில் அசானோ குடும்பமும் ஒன்று. அப்படித்தான் இது அவர்களுடைய குலக்கோயில் ஆயிற்று. ஜப்பானில் குலக்கோயில் என்றால், தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தின் இறந்தவர்களுக்குக் கல்லறை கொடுத்து, ஆண்டுதோறும் சூத்திரம் ஓதுகிற இடம். இறந்தவர் நல்லவரா, செய்தது சரியா என்று விசாரிப்பது துறவிகளின் வேலை அல்ல. அசானோ தண்டனை பெற்றுச் செத்தபோதும் கோயில் அவரை வாங்கிக்கொண்டது. அவருடைய ஆட்கள் தண்டனை பெற்றுச் செத்தபோதும் அதுவே நடந்தது. ஆகவே அங்கே புகையும் ஊதுபத்தி தீர்ப்பு அன்று, திதி.

கொலையைக் கோயில் கொண்டாடவில்லையா என்றால், இப்போது ஆண்டுதோறும் டிசம்பர் 14 அன்று நடக்கும் விழாவில் கொண்டாட்டமும் கலந்திருக்கிறது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் பழிவாங்கலுக்குப் பிறகு கோயில் செய்ததற்கு ஒரு சின்னக் காகிதம் சாட்சி. கல்லறை முன் வைத்த தலையைக் கோயில் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு துறவிகள் அதைப் பெட்டியில் வைத்துக் கிராவின் வீட்டுக்கு எடுத்துப் போய் ஒப்படைத்தார்கள், உடலோடு சேர்த்து அடக்கம் செய்வதற்காக. வாங்கிக்கொண்டதற்குக் கிராவின் காரியக்காரர்கள் இருவர் கையெழுத்திட்ட ரசீதைக் கோயில் இன்றும் பாதுகாத்து வருகிறது. அதில் இரண்டு பொருள்கள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன: தலை ஒன்று, காகிதப் பொட்டலம் ஒன்று. என்னோடு வருகிறவர்களுக்கு அந்த வரியை மொழிபெயர்த்துச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் என் குரல் தாழ்ந்துவிடுகிறது. புத்தர் கோயில் அன்று என்ன செய்தது என்று கேட்டால் நான் காட்டுவது அந்த ரசீதைத்தான்.

அந்தக் காலத்திலேயே இவர்களைப் பற்றி ஒருமித்த கருத்து இருந்ததாக நினைக்க வேண்டாம். அரசின் கன்ஃபூசிய அறிஞர் ஹயாஷி ஹோகோ இவர்களைப் போற்றினார். ஒக்யு சொராய், தலைவன் மேல் வைத்த பற்று தனிப்பட்ட அறம், நாட்டின் சட்டம் பொது அறம், ஆகவே மரியாதையான சாவைக் கொடுத்துத் தண்டிக்கத்தான் வேண்டும் என்றார். சாதோ நவோகதா இன்னும் கடுமையாக, அசானோவைக் கொன்றது கிரா அல்லவே, பிறகு கிரா எப்படி அவர்களுக்கு எதிரி என்று கேட்டார். என் மனம் இந்தக் கேள்வியின் பக்கமே சாய்கிறது. அதே நேரத்தில், 'செஞ்சோற்றுக்கடன்' என்ற சொல்லைச் சொல்லி வளர்ந்த நமக்கு இவர்களைப் புரிந்துகொள்ள அகராதி தேவையில்லை. சாமுராயின் சம்பளமே அரிசிக் கணக்குதான். 'கொகு' என்ற அளவை ஒரு மனிதன் ஓராண்டு உண்ணும் அரிசி என்று கொள்வார்கள். ஓயிஷியின் ஊதியம் 1500 கொகு.

இனி நேரில் பார்க்க வேண்டியவை. ஹனேதா விமான நிலையத்திலிருந்து கெய்கியூ ரயிலில் ஏறினால், வண்டி மாறாமலே சுமார் 20 நிமிடத்தில் செங்ககுஜி நிலையம். வெளியே வந்து மேட்டில் சில நிமிடம் ஏறினால் கோயில் வாசல். 2020-இல் திறந்த தகனவா கேட்வே நிலையத்திலிருந்தும் நடந்து வரலாம். 1832-இல் கட்டிய பெரிய வாயிலின் கீழே நின்று தலையை நிமிர்த்துங்கள், உட்கூரையில் செம்பு டிராகன் சுருண்டிருக்கும். பக்கத்தில் ஓயிஷியின் வெண்கலச் சிலை. எல்லோரும் படமெடுப்பார்கள், நீங்களும் எடுத்துக்கொண்டு நகருங்கள். மூலக்கோயில் போரில் குண்டுவீச்சில் அழிந்து 1953-இல் மறுபடி கட்டியது. அதன் முன் கைகூப்பித் தலை தாழ்த்தினால் போதும். கைதட்டுவது ஜப்பானின் பழைய மதமான ஷிந்தோவின் கோயில்களில்தான், இங்கே கூடாது. சுற்றுலா வந்தவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன்.

கல்லறைக்குப் போகும் வழியில் ஒரு சிறு பிளம் மரமும் ஒரு கல்லும் இருக்கும். அசானோ செப்புக்கு செய்தபோது அவருடைய குருதி இவற்றின் மேல் தெறித்ததாகச் சொல்கிறார்கள். இது மரபுச் செய்தி, அந்த அளவிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்து, தலையைக் கழுவிய கிணறு. அதைச் சுற்றியுள்ள கல்வேலியில் கவகாமி ஒதோஜிரோ என்ற பெயர் பொறித்திருக்கும். அவர் மெய்ஜி காலத்து (1868–1912) நாடக நடிகர். இந்தக் கோயிலையும் நாடக மேடையையும் பிரிக்கவே முடியாது என்பதற்கு அந்தக் கல்லே போதும்.

பிறகு சில படிகள். அசானோவின் மாளிகையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த பழைய மரவாயில் ஒன்றைத் தாண்டி மேலே போனால் கல்லறைத் தோட்டம். வாசலில் ஒரு சிறு கூடம். சில நூறு யென் கொடுத்தால் ஒரு கட்டு ஊதுபத்தியை மொத்தமாகக் கொளுத்தித் தட்டில் வைத்துத் தருவார்கள். முதலில் அசானோவுக்கு, பிறகு ஓயிஷிக்கு, பிறகு ஒவ்வொரு கல்லாக ஒன்றிரண்டு குச்சிகளை வைத்துக்கொண்டே போக வேண்டும். கட்டு முழுதும் எரிவதால் தட்டு சூடேறும், கண் எரியும், சாம்பல் கையில் உதிரும். அவசரப்பட்டால் பாதியிலேயே தீர்ந்துவிடும். முதல் முறை போனபோது எனக்கு அப்படித்தான் ஆயிற்று, கடைசி வரிசைக்கு வெறுங்கையோடு நின்றேன்.

கற்கள் இடுப்பளவுதான் இருக்கும், நெருக்கமாக, பாசி ஏறி. எந்த மாளிகையில் வைத்திருந்து சாகவிட்டார்களோ அந்தக் கணக்கில் பிரித்துப் புதைத்திருக்கிறார்கள். அதனால் தந்தை ஓயிஷியும் மகன் சிகராவும் ஒரே இடத்தில் இல்லை. இருவர் கல்லுக்கும் சிறு கூரை போட்டிருக்கிறார்கள், வெவ்வேறு மூலைகளில். ஜப்பானில் இறந்தவருக்குத் துறவிகள் ஒரு புதுப்பெயர் சூட்டுவார்கள். இங்கே வரிசையாகப் பாருங்கள், ஜப்பானிய எழுத்துத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பெரும்பாலும் பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்கும், கடைசிக்குச் சற்று முன் இன்னொரு எழுத்து திரும்பத் திரும்ப வரும். முதலாவது 'வாளின் கூர் விளிம்பு', இரண்டாவது 'வாள்'. நடுவில் வரும் எழுத்துகள்தான் ஆளுக்கு ஆள் வேறு.

ஒரு கல்லில் மட்டும் அந்த இரண்டு எழுத்துகளும் இல்லை. தெராசகா கிச்சியெமோன், குழுவிலேயே கீழ்நிலைக் காலாள். தாக்குதலுக்குப் போனவர், ஆனால் சரணடைந்தபோது இல்லை. அஞ்சி ஓடினாரா, செய்தி சொல்ல ஓயிஷியே அனுப்பிவைத்தாரா, காலாளை இந்தப் பழியில் சிக்கவைக்க வேண்டாம் என்று விடுவித்தார்களா என்று இன்றும் வாதிடுகிறார்கள். 46 பேரா 47 பேரா என்ற குழப்பமே இவரால்தான். அரசு இவரைத் தேடிப் பிடிக்கவில்லை. 1747 வரை, 83 வயது வரை வாழ்ந்தார். உடல் வேறு கோயிலில் இருக்கிறது, செங்ககுஜியில் பின்னாளில் நட்ட நினைவுக்கல்தான். அதில் உள்ள பெயருக்கு, வழியை நிறைவேற்றிவிட்டு விலகிக்கொண்டவர் என்று பொருள் சொல்லலாம். ஹசமா ஷின்ரோகு என்பவரின் உடலும் இங்கே இல்லை, அது த்சுகிஜியில் அடக்கம் செய்யப்பட்டது. இன்னொரு கல் 48-ஆவது: தாக்குதலுக்கு முன்பே தந்தையின் சொல்லுக்கும் தலைவனின் கடனுக்கும் நடுவில் சிக்கித் தற்கொலை செய்துகொண்ட கயனோ சன்பெய்க்கானது என்று கோயில் சொல்கிறது. ஓயிஷியைக் குடிகாரன் என்று காறித் துப்பி, பின்னால் வருந்தி உயிர்விட்ட, தெற்கே சத்சுமா பகுதியைச் சேர்ந்த ஒருவரின் கல் என்று ஒரு கதையும் உலவுகிறது. அந்தக் கதையை நம்ப ஆதாரம் போதாது.

கல்லறைத் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. கோயிலின் அருங்காட்சியகத்துக்கு நான் கடைசியாகப் போனபோது 500 யென். டிசம்பர் 14 அன்று சாமுராய் உடை அணிந்தவர்களின் ஊர்வலத்தோடு கூட்டம் நெரியும், புகையில் கல்லே தெரியாது. அதைத் தவிர்த்து, ஒரு வாரநாள் காலையில் போங்கள். எட்டு மணிக்கு உள்ளே இருந்தால் பெரும்பாலும் நீங்களும் துடைப்பத்தோடு ஒருவரும் மட்டுமே இருப்பீர்கள். முழுதும் பார்க்க ஒன்றரை மணி நேரம் போதும்.

நானும் ஏற்றலாமா என்பதற்கு என் பதில்: ஏற்றுங்கள். எந்த மதத்தவர் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அதோடு, மிச்சமுள்ள நேரத்தை ஷிபுயாவில் செலவழிக்காமல் நகானோ வட்டாரத்தில் உள்ள மன்ஷோயின் கோயிலுக்குப் போக முடியுமா பாருங்கள். கிராவின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. அதுவும் செங்ககுஜி போலவே ஜென் பௌத்தத்தின் சோதோ மரபைச் சேர்ந்த கோயில், அதுவும் இமாகவா குடும்பத்தோடு தொடர்புடையது. யோஷிமோதோவின் மகன் ஒருவர் தோற்றுவித்தது. ஊதுபத்திக் கூடமோ ஊர்வலமோ கிடையாது. கிராவின் கல்லுக்குப் பக்கத்தில், அன்று இரவு அவருடைய மாளிகையில் உயிர்விட்ட ஆட்களின் பெயர்கள் பொறித்த நினைவுக்கல் ஒன்று இருக்கிறது. தூக்கத்திலிருந்து எழுந்து, தங்கள் தலைவனுக்கும் வாசலில் நின்றவர்களுக்கும் நடுவே வாளோடு போய் நின்றவர்கள் அவர்கள். செங்ககுஜியில் வாங்கும் கட்டை முழுதும் அங்கேயே கொளுத்தித் தந்துவிடுவார்கள், மிச்சம் பிடிக்க முடியாது. ஆகவே அந்தக் கல்லுக்கென்று ஒரு சிறு பொட்டலம் ஊதுபத்தி தனியாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.